அயர்லாந்து நாட்டுச் சோடாப் பாண்

பதறாத காரியம் சிதறாது என்பது பெரியோர் வாக்கு. பாண் சுடுவோனுக்கு இதனினும் பொருத்தமான அறிவுரை வேறில்லை. மாவைப் பிசைந்து பொங்க விட்டு, மீண்டும் பிசைந்து, மறுபடியும் பொங்க விட்டு, பல மணி நேரம் பொறுத்திருந்த பின்னரே அவன் போறணையின் வாயைத் திறக்கின்றான். ஆயின், இம்முதுமொழிக்கு விலக்குப் போலத் தோன்றும் பாண் ஒன்றும் உலகில் உண்டு. அதனை அழுத்திப் பிசைதல் ஆகாது; பொங்கட்டும் என்று காத்திருத்தலும் ஆகாது. மாவில் மோர் பட்ட கணத்திலிருந்து நெருப்பை நோக்கி விரைதலே அதன் முறை. அயர்லாந்து நாட்டு இல்லங்களிலே தலைமுறை தலைமுறையாகச் சுடப்பட்டுவரும் சோடாப் பாணே அது.

கோதுமை மா, உப்பு, சோடா, மோர் ஆகிய நான்குமே இப்பாணின் மரபு வழிப்பட்ட பொருள்கள். இத்துணை எளிய உணவைச் செய்வதில் என்ன இடர் இருத்தல் கூடும் என்று எண்ணத் தோன்றும். எனினும், முதன்முறை இதனைச் செய்து பார்ப்போருட் பலர் ஏமாற்றம் அடைகின்றனர். ஒருவர் சுட்ட பாண் கல்லைப் போல் இறுகிவிடுகின்றது. வேறொருவருடையதில் சவர்க்காரச் சுவை தட்டுகின்றது. இன்னொருவருடையது புறத்தே கருகி அகத்தே வேகாது நிற்கின்றது. குறை பாணில் இல்லை. செய்முறையில் அடங்கிய காரணங்களை அறியாமையிலேயே உள்ளது. அயர்லாந்துப் பாட்டிமார் இதனைச் செய்த முறையில் காரணமின்றி நிகழ்ந்தது ஏதுமில்லை. அக்காரணங்களை உணர்ந்தவர் எந்நாட்டு அடுக்களையிலும் இப்பாணைச் செவ்வனே சுடலாம். உணராதவர் அதன் வடிவத்தை மட்டுமே பெறுவர்.

முதலில் அந்நாட்டின் நிலத்தையும் வானத்தையும் நோக்குதல் வேண்டும். அத்திலாந்திக்குப் பெருங்கடலின் ஓரத்திலே, மேற்கிலிருந்து வீசும் ஈரக்காற்றுக்கு முகங்கொடுத்துக் கிடக்கும் தீவு அயர்லாந்து. அங்கே கடுங்குளிரும் அரிது, கடும்வெயிலும் அரிது, மழை மட்டும் ஆண்டு முழுவதும் ஓயாது பெய்யும். அம்மழையினால் புல் செழித்து வளர்கின்றது. புல் செழித்த நாட்டிலே பசுக்களும், பசுக்கள் நிறைந்த நாட்டிலே பாலும் வெண்ணெயும் மிகுதல் இயல்பு. பழைய காலத்தில், பாலாடையைச் சேர்த்து வைத்துப் புளிக்கவிட்டு, மரத்தாழியிலே கடைந்து வெண்ணெய் எடுப்பர். வெண்ணெய் சந்தைக்குச் செல்லும். எஞ்சிய புளித்த மோர் வீட்டிலே நிற்கும். தயிர் கடைந்து மோர் காணும் நம்மவருக்கு இக்காட்சி புதிதன்று.

அதே ஈரவானம் கோதுமைப் பயிருக்கு மற்றொரு தன்மையை அளித்தது. வறண்ட கோடையில் முற்றும் கோதுமை கடினமானது, புரதம் மிக்கது. மென்மையான ஈரக் காலநிலையில் விளையும் கோதுமையோ மென்மையானது, புரதம் குறைந்தது. கோதுமையிலுள்ள புரதங்கள் நீருடன் சேர்ந்து பிசையப்படும்போது குளுற்றன் எனப்படும் இழுபடுந் தன்மையுள்ள பொருளாக மாறுகின்றன. மதுவம், அதாவது ஈஸ்ற் இட்டுச் செய்யும் பாணிலே, நொதித்தலால் எழும் வாயுவைப் பல மணி நேரம் பிடித்து வைத்திருப்பது இக்குளுற்றன் வலையே. வலை வலுவற்றதாயின் வாயு வெளியேறிவிடும், பாண் எழும்பாது. ஆகவே, அயர்லாந்தின் மென்கோதுமை மா மதுவப் பாணுக்கு அத்துணை ஏற்றதன்று. ஓட்சும் வாற்கோதுமையுமே அந்நாட்டின் பழைய தானியங்கள். ஓட்சு மாவைத் தட்டையாகத் தட்டிச் சூடான கல்லிற் சுட்டு, நெருப்பின் முன்னே நிறுத்தி உலர்த்திய கடினமான அடைகளே நெடுங்காலம் ஏழை எளியோரின் ரொட்டியாக இருந்தன.

அடுப்பின் நிலையும் அறியத்தக்கது. நாட்டுப்புறக் குடிசைகளில் போறணை இல்லை. சுவரோரத்தில், புகைபோக்கியின் கீழே, தரைமட்டத்தில் எரியும் திறந்த நெருப்பே அடுப்பு. அதன் எரிபொருள் பெரும்பாலும் விறகன்று. சதுப்பு நிலங்களில் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்த தாவரங்கள் அரைகுறையாக உக்கி உண்டாகிய முற்றாநிலக்கரியைச் செங்கட்டி போல வெட்டி எடுத்து, வெயிலிலும் காற்றிலும் உலர்த்தி எரிப்பர். அது தழல்விட்டு எரியாமல் நின்று கனலும். அக்கனலின் மேலே, சுழலும் இரும்புக் கொம்பிலிருந்து பாத்திரங்கள் தொங்கும். அவற்றுள் ஒன்று, மூன்று கால்களும் தட்டையான அடியும் பாரமான மூடியும் உடைய வார்ப்பிரும்புச் சட்டி. பாஸ்ரிபிள் என்பது அதன் பெயர். இங்கிலாந்தின் டெவன் பகுதியிலுள்ள பார்ன்ஸ்ரப்பிள் பட்டினத்தின் பெயரிலிருந்து அது மருவி வந்தது என்பர். மாவை உள்ளே இட்டு மூடி, மூடியின் மேலும் கனலை அள்ளி வைத்தால், மேலும் கீழும் வெப்பம் தாக்கும். கீழும் மேலும் நெருப்பிட்டு அப்பம் சுடும் வழக்கம் உடையோர் இச்சட்டியின் நுட்பத்தை எளிதில் உணர்வர். அதுவே அவ்வில்லத்தின் போறணை.

இவ்வாறு மோர் இருந்தது. மென்மையான மா இருந்தது. மூடிய சட்டியும் இருந்தது. குறையாக நின்றது ஒன்றே: மாவை எழுப்பும் பொருள். அது வயலிலிருந்து வரவில்லை. இரசாயனத் தொழிற்சாலையிலிருந்து வந்தது. கண்ணாடிக்கும் சவர்க்காரத்துக்கும் வேண்டிய சோடாவைப் பழங்காலத்தில் கடற்பாசியையும் கடலோரச் செடிகளையும் எரித்த சாம்பலிலிருந்து பெற்றனர். அயர்லாந்தின் மேற்குக் கரையிலும் கடற்பாசி எரித்தல் ஒரு பிழைப்பாக இருந்தது. 1791ஆம் ஆண்டில் நிக்கொலா லெபிளாங் என்னும் பிரெஞ்சுக்காரர், சாதாரண உப்பிலிருந்து சோடா செய்யும் முறைக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். அதன் பின்னர் சோடாவின் விலை படிப்படியாக இறங்கியது. அச்சோடாவிலிருந்து, சோடியம் இருகாபனேற்று என இரசாயன நூலார் கூறும் வெண்ணிறத் தூளை ஆக்கவும் கற்றனர். நம் வீடுகளில் அப்பச்சோடா என வழங்குவதும், அயர்லாந்து மக்கள் பாண்சோடா எனப் பெயரிட்டழைப்பதும் இத்தூளையே.

சாம்பற் காரத்தால் மாவை எழுப்பும் வித்தை அயர்லாந்தில் மட்டும் தோன்றியதன்று. மரச்சாம்பலிலிருந்து எடுத்த காரத்தை மாவிற் சேர்க்கும் வழக்கம் வட அமெரிக்காவில் இருந்தது. 1796இல் அங்கு அச்சிடப்பட்ட அமீலியா சிமன்சு என்பவரின் சமையல் நூலில் அது இடம்பெற்றுள்ளது. அயர்லாந்தைப் பொறுத்தவரையில், வடபகுதியிலுள்ள நியூறி நகரத்துச் செய்தித்தாள் ஒன்றில் வந்த சோடாப் பாண் செய்முறை, 1836இல் இலண்டன் விவசாய இதழ் ஒன்றிலும் எடுத்து வெளியிடப்பட்டது. மா, உப்பு, சோடா, புளித்த மோர் ஆகியவையே அதிலும் கூறப்பட்டன. ஆகவே, பழைமையின் சின்னமாகக் கருதப்படும் இப்பாணின் வயது ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளே.

ஆயினும், அச்செய்முறை அச்சேறிய காலத்தில் ஏழை உழவரின் உணவு கோதுமையன்று, உருளைக்கிழங்கே. சிறு துண்டு நிலத்தில் ஒரு குடும்பத்தின் வயிற்றை நிரப்பக்கூடிய பயிர் அது ஒன்றே. உருளைக்கிழங்கும் மோருமே இலட்சக்கணக்கானோரின் முழு உணவாக இருந்தன. 1845ஆம் ஆண்டில் கொடிய நோய் ஒன்று அப்பயிரைத் தாக்கியது. அடுத்த ஆண்டிலும் அழிவு தொடர்ந்தது. தொடர்ந்து வந்த பெரும்பஞ்சத்தில் ஏறக்குறைய பத்து இலட்சம் மக்கள் பட்டினியாலும் நோயாலும் மாண்டனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேறி நாட்டைவிட்டு நீங்கினர். 1841ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் ஏறக்குறைய 82 இலட்சமாக இருந்த மக்கட்டொகை, 1851இல் 65 இலட்சத்துக்குச் சற்று மேலாகக் குறைந்துவிட்டது.

ஒரே பயிரை நம்பியதன் விளைவை அம்மக்கள் மறக்கவில்லை. பஞ்சத்தின் பின் வந்த காலத்தில் அவர்களின் உணவு மெல்ல மாறியது. கடைகளில் விற்ற கோதுமை மாவும் தேயிலையும் நாட்டுப்புற வீடுகளுக்கும் எட்டின. 1860களில் பெல்ஜிய நாட்டவரான ஏர்னெஸ்ற் சொல்வேயின் புதிய முறை தோன்றியதும் சோடா மேலும் மலிவாயிற்று. போறணை வேண்டாம், மதுவத்தைப் பேணும் தொல்லை வேண்டாம், பாண் கடைக்குப் பணம் கொடுக்கவும் வேண்டாம். ஒரு சிட்டிகைத் தூளும், வீணே நின்ற புளித்த மோரும், அடுப்பங்கரைச் சட்டியுமே போதும். அந்நாட்டுப் பெண்கள் தம் குடும்பத்துக்கு நாள்தோறும் சுடச்சுடப் பாண் அளிக்கலாயினர். அயர்லாந்தின் கிராமங்களுக்கு மின்சாரம் வழங்கும் பெருந்திட்டம் 1946இலேயே தொடங்கியது. அதுவரையில், பல இடங்களில் அதன் பின்னரும், சோடாப் பாண் கனலிலேயே வெந்தது. வறுமையின் நடுவே ஒரு குடும்பம் தன் கையையே நம்பி நிற்கச் செய்தது என்பதே இப்பாணின் பெருமை.

இனி, இப்பாண் எழும்பும் விதத்தை நோக்குவோம். புளித்த மோரிலே இலற்றிக் அமிலம் என்னும் புளிப்பு உள்ளது. சோடாவோ காரத்தன்மை உடையது. இரண்டும் ஈரத்தில் ஒன்றையொன்று சந்தித்தவுடன் வினைப்பட்டுக் காபனீரொட்சைட்டு வாயுவை வெளிவிடுகின்றன. அவ்வாயு நுண்குமிழ்களாக மாவெங்கும் பரவி அதனை எழச் செய்கின்றது. மதுவமும் இதே வாயுவையே உண்டாக்குகின்றது. ஆனால், மதுவம் ஓர் உயிர். மாவிலுள்ள சர்க்கரையை உண்டு, மெல்ல மெல்லப் பல மணி நேரம் வாயுவை ஈன்றுகொண்டிருக்கும். கள்ளிட்டுப் புளிக்க வைக்கும் அப்பமா விடியும்வரை காத்திருப்பதும் இதனாலேயே. சோடாவின் செயலோ உடனடியானது. மோர் பட்டவுடன் பொங்கத் தொடங்கி, சில நிமிடங்களிலேயே வலுவிழந்துவிடும்.

விரைவு ஏன் வேண்டும் என்பதற்கு விடை இதுவே. குமிழ்கள் கலையுமுன் வெப்பம் மாவைத் தாக்குதல் வேண்டும். வெப்பத்தில் குமிழ்கள் விரியும். அவற்றைச் சூழ்ந்த மா வெந்து இறுகி அவ்வடிவிலேயே நிலைபெறும். குழைத்த மாவை மேசையிலே வைத்துவிட்டு வேறு வேலைக்குச் சென்றவர் திரும்பி வரும்போது வாயுவிற் பெரும்பகுதி காற்றோடு கலந்திருக்கும். பிசைதல் ஏன் ஆகாது என்பதற்கும் விடை இதிலேயே அடங்கியுள்ளது. மதுவப் பாணுக்கு வலுவான குளுற்றன் வலை வேண்டும். அதை விரிப்பதற்கு வேண்டிய நேரமும் உண்டு. சோடாப் பாணுக்கு அந்நேரம் இல்லை. வலை வலுக்குமாயின், குறுகிய நேரத்தில் எழும் வாயுவால் அதனைத் தள்ளி எழும்ப இயலாது, பாண் இறுகிவிடும். பாணுக்கெனத் தனியாக விற்கப்படும் புரதம் மிக்க வன்மா இதற்கு ஏற்றதன்று. சாதாரண மென்மாவே சிறந்தது. அயர்லாந்துக் கோதுமையின் குறை எனக் கருதப்பட்ட மென்மையே இப்பாணுக்கு நிறைவாயிற்று.

அளவின் இன்றியமையாமையும் இதனால் விளங்கும். சோடா மிகுந்து புளிப்புக் குறையுமாயின், எஞ்சிய சோடா வெப்பத்தால் சிதைந்து சலவைச்சோடாவாக மாறும். சவர்க்காரச் சுவைக்கும் பாணின் மஞ்சள் நிறத்துக்கும் காரணம் அதுவே. சோடா குறையுமாயின் பாண் எழாது. புளிப்பும் காரமும் ஒன்றையொன்று சமன் செய்து, இரண்டின் சுவையும் மறைந்து நிற்றலே நல்ல சோடாப் பாணின் இலக்கணம்.

வீட்டிலே இதனைச் செய்யும் முறை பின்வருமாறு. 450 கிராம் கோதுமை மா, அதாவது ஓர் இறாத்தல் அளவு, எடுத்துக்கொள்ள வேண்டும். சோடா ஒரு தேக்கரண்டி; உப்பு ஒரு தேக்கரண்டி. இரண்டும் கத்தியால் வழித்து மட்டமாக்கிய கரண்டியளவாக இருத்தல் வேண்டும். குவித்து அளத்தல் கூடாது. புளித்த மோர் 350 முதல் 400 மில்லிலீற்றர் வரை வேண்டும். மாவின் தன்மைக்கேற்ப மோரின் அளவு சற்றுக் கூடலாம் அல்லது குறையலாம். சோடாவுக்குப் பதிலாகப் பேக்கிங் பவுடரை மோருடன் இடுதல் முறையன்று. அத்தூளில் காரமும் அமிலமும் முன்னரே சமனாகக் கலந்துள்ளன. மோரின் புளிப்பைச் சமன் செய்ய அதிற் காரம் எஞ்சுவதில்லை.

கடைகளில் விற்கப்படும் மோரும் பழைய வீட்டு மோரும் ஒன்றல்ல. இக்காலத்தில் மேலைநாடுகளில் மோர் என விற்கப்படுவது, பெரும்பாலும் கொழுப்பு நீக்கிய பாலிலே நற்பற்றீரியாக்களை இட்டுப் புளிக்க வைத்தது. ஆயினும் புளிப்பு இருப்பதால் அது பயன்படும். அதுவும் கிடையாதவிடத்து, நன்கு புளித்த தயிரைச் சிறிதளவு நீர்விட்டுக் கடைந்து, பாயசத்தினும் சற்று நீர்ப்பாக எடுத்துக்கொள்ளலாம். தயிரும் இல்லையெனில், 240 மில்லிலீற்றர் பாலுக்கு ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ சேர்த்துப் பத்து நிமிடம் வைத்தால் பால் திரிந்து புளிப்பேறும். வேண்டுவது புளிப்பே, புளியாத பாலிலே சோடா தன் பணியைச் செவ்வனே செய்யாது.

வேலையைத் தொடங்குமுன் போறணையைச் சூடேற்றுதல் முதற் கடமை. மா குழைந்த பின்னர்ப் போறணையை மூட்டுவது, விருந்தினர் வந்த பின்னர் உலை வைப்பதை ஒக்கும். போறணை 230 பாகை செல்சியசு வெப்பத்தை அடைந்திருத்தல் வேண்டும். தட்டிலே மா தூவி ஆயத்தமாக வைத்தல் வேண்டும். மா, உப்பு, சோடா மூன்றையும் சேர்த்து அரிதட்டில் ஒருமுறையேனும் அரித்தல் வேண்டும். சோடாவிற் கட்டி இருந்தால் அது பாணிலே மஞ்சட் புள்ளியாகவும் கசப்பாகவும் தோன்றும். அரித்த மாவின் நடுவே குழி செய்து, மோரில் பெரும்பகுதியை ஒரேயடியாக ஊற்ற வேண்டும். விரல்களை விறைப்பாக விரித்து, கையை நடுவிலிருந்து வெளிப்புறமாக வட்டமிட்டுச் சுழற்றினால் மா விரைவில் ஒன்றுசேரும். உலர்ந்த மா எஞ்சுமாயின் மீதி மோரைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். மென்மையாகவும், கையிற் சற்றே ஒட்டும் பதத்திலும், அதேவேளை கூழாகாமலும் இருத்தலே நற்பதம்.

கையைக் கழுவித் துடைத்து, மாவை மா தூவிய பலகையிற் கவிழ்த்து, மெல்லத் திருப்பி, ஓரங்களை உட்புறமாகத் தட்டி வட்டமாக்க வேண்டும். அழுத்திப் பிசையும் ஆசை எழும் இடம் இதுவே. அதனை அடக்குதல் வேண்டும். மேற்புறம் சற்றுக் கரடுமுரடாக இருத்தல் குறையன்று. உயரம் நான்கு சென்ரிமீற்றர் அளவாக இருந்தாற் போதும். பின்னர்க் கூரிய கத்தியால் ஓரத்திலிருந்து ஓரம் வரை சிலுவைக் குறி போல ஆழமாகக் கீறி, உடனே போறணையில் வைக்க வேண்டும்.

இக்குறியைப் பற்றிப் பல கதைகள் உண்டு. பாணை ஆசீர்வதிக்கும் அடையாளம் என்பர் சிலர். உள்ளே குடிகொண்ட குறும்புத் தேவதைகள் வெளியேறும் வழி என்றும் சொல்வர். அதனாலேயே நான்கு பகுதிகளிலும் கத்தி நுனியாற் குத்திவிடுவோரும் உளர். நம்பிக்கைகள் ஒருபுறம் இருக்க, அதற்குப் பயனும் உண்டு. தடித்த நடுப்பகுதிக்கு வெப்பம் எட்டுவதற்கும், மேலோடு தாறுமாறாக வெடிக்காமல் பாண் விரிவதற்கும், வெந்தபின் நான்கு பங்காகப் பிட்பதற்கும் அக்கீறல் உதவுகின்றது. கீறல் ஆழமின்றி இருத்தலே நடுப்பகுதி வேகாது நிற்பதற்கு ஒரு காரணமாகும்.

230 பாகையிலே பதினைந்து நிமிடமும், பின்னர் வெப்பத்தை 200 பாகையாகக் குறைத்து ஏறக்குறைய முப்பது நிமிடமும் வேகவிட வேண்டும். தொடக்கத்திலேயே போறணையின் கதவைத் திறந்து பார்த்தல் கூடாது. வெப்பம் தணிந்தால் எழுச்சியும் தணியும். வெந்ததை அறியப் பழைய சோதனை ஒன்றுண்டு. பாணைத் தலைகீழாக எடுத்து அடியிலே விரலால் தட்டினால், வெற்றுப் பெட்டியைத் தட்டினாற் போன்ற ஒலி எழும். மந்தமான ஒலி எழுமாயின் இன்னும் சில நிமிடம் வைக்க வேண்டும். மென்மையான மேலோடு விரும்புவோர் சுத்தமான துணியிற் சுற்றி ஆறவிடுவர். மொறுமொறுப்பை விரும்புவோர் கம்பித்தட்டிலே திறந்து வைப்பர். போறணை இல்லாத வீட்டிலே, முன்கூட்டியே சூடாக்கிய பாரமான இரும்புச் சட்டியில் மாவை வைத்து மூடி, கீழும் மேலும் தணலிட்டுச் சுடலாம். பாஸ்ரிபிள் சட்டியின் முறையும் அதுவேயன்றோ?

அயர்லாந்தின் வடபகுதியில் வழக்கம் சிறிது வேறுபடும். தெற்கிலே உயர்ந்த வட்டமாகச் சுடப்படும் பாண், வடக்கிலே தட்டையாக்கப்பட்டு, நான்கு கால்வட்டங்களாக வெட்டப்பட்டு, தோசைக்கல்லை ஒத்த இரும்புக் கல்லிற் சுடப்படுகின்றது. அத்துண்டுக்கு வார்ள் என்பது பெயர். நாலில் ஒரு பங்கு எனப் பொருள்படும் பழைய ஸ்கொத்துலாந்துச் சொல்லிலிருந்து அது வந்தது. கல்லிலே சிறிது மா தூவி, அது மெல்லப் பொன்னிறமாக மாறினால் கல் பதமாகச் சூடேறிவிட்டது என்று அறிவர். எண்ணெய் இடுவதில்லை. மிதமான சூட்டில் இருபுறமும் வெந்தபின், துண்டுகளை ஓரத்தில் நிறுத்தி விளிம்புகளையும் சூடுகாட்டுவர். மறுநாட் காலையில் அவற்றைப் பிளந்து, பன்றியிறைச்சிக் கொழுப்பில் பொரித்து, முட்டையோடு உண்பது அப்பகுதியாரின் பெயர்பெற்ற காலையுணவு.

தவிடு நீக்காத கோதுமை மாவிற் சுடும் பழுப்பு நிறப் பாணும் நாடெங்கும் உண்டு. பாதி வெள்ளை மாவும் பாதி முழுக்கோதுமை மாவும் கலந்தால், சுவையும் சத்தும் மிக்க பாண் கிடைக்கும். மோர் மட்டும் சற்றுக் கூடுதலாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் அறுவடைக் காலத்திலும் வீட்டுத் தலைவி சிறிது சர்க்கரையும் ஒரு பிடி திராட்சை வற்றலும் சேர்ப்பதுண்டு. புள்ளி விழுந்த நாயைப் போலத் தோன்றுவதால் அதற்குப் 'புள்ளி நாய்' என வேடிக்கையாகப் பெயரிட்டனர். கடல் கடந்து அமெரிக்கா சென்ற அயர்லாந்து மக்களின் வழித்தோன்றல்கள் முட்டை, வெண்ணெய், சீரகத்தை ஒத்த கரவே விதை ஆகியவற்றையும் சேர்த்து, மார்ச்சு 17ஆம் நாள் வரும் புனித பற்றிக் திருநாளில் அதனைச் சுடுகின்றனர். வளமுற்ற நாட்டிலே வளமுற்ற வடிவம் அது. அதனைக் குறை கூற வேண்டியதில்லை. எனினும், அது பணியாரத்தின் இனத்தைச் சேர்ந்தது. நாள்தோறும் உண்ட பாணோ அந்நான்கு பொருளால் ஆகியதே.

சோடாப் பாண் நெடுநாள் நிற்பதன்று. சுட்ட அன்று அது மிகச் சுவையாக இருக்கும். மறுநாள் உலரத் தொடங்கும். அப்போது அதனை வாட்டி, வெண்ணெய் பூசி உண்ணலாம். இக்குறையும் அதன் இயல்போடு ஒத்ததே. நாளைக்கெனச் சேர்த்து வைப்பதற்காக அது தோன்றவில்லை. இன்று பசித்தவருக்கு இன்றே அளிப்பதற்காகத் தோன்றியது. எதிர்பாராத விருந்தினர் வாயிலில் நின்றால், பேச்சு முடியுமுன் பாண் மேசைக்கு வந்துவிடும்.

மரபு என்பது பழையதைப் பழையபடியே காப்பது என்று எண்ணுவோர் பலர். சோடாப் பாணின் வரலாறு அதனை மறுக்கின்றது. பிரெஞ்சுக்காரர் ஒருவரின் இரசாயன முறையால் மலிந்த தூளை, அயர்லாந்து மகளிர் தம் மோரோடும் மாவோடும் நெருப்போடும் சேர்த்தனர். இரண்டு மூன்று தலைமுறைகளில் அது பாட்டியின் பாண் ஆயிற்று. இரசாயன நூலை அவர்கள் கற்றிருக்கவில்லை; ஆயின், கை அறிந்த உண்மையை நூல் பின்னர் விளக்கியது. கைப்பழக்கம் இல்லாத இன்றைய தலைமுறைக்கு அவ்விளக்கமே கைக்கோலாக நின்று உதவும்.

இறுதியாக, தொடக்கத்தில் கூறிய முதுமொழிக்கு இப்பாண் உண்மையில் விலக்குத்தானா என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். விரைவு வேறு, பதற்றம் வேறு. போறணையை முன்னரே மூட்டி, பொருள்களை அளந்து, தட்டையும் கத்தியையும் அருகே வைத்துக்கொண்ட ஒருத்தி, மோரை ஊற்றிய பின் ஐந்து நிமிடத்தில் வேலையை முடிக்கின்றாள். அவள் கை விரைகின்றது, மனம் பதறவில்லை. ஆயத்தம் செய்யாதவளோ சோடா பொங்கி அடங்கும்வரை கத்தியைத் தேடிக்கொண்டிருப்பாள். பதறாத காரியம் இங்கும் சிதறவில்லை.